மோட்டார் என்று நினைத்துக் கட்டிப்போட்ட சுவிட்ச்

நான் போய்வந்த ஊரின் பெயர் இந்தக் கட்டுரையில் வராது. ஊர்ப் பெயரே இல்லாமல் என்ன பயணக் கட்டுரை என்று கேட்பீர்கள். காரணம் பாதியில் வரும். எம்.ரெட்டியபட்டி வரைக்கும் வழி, நேரம், செலவு எல்லாம் சரியாகத் தருகிறேன். அதற்கு மேல் ஆறரைக் கிலோமீட்டர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போனது 2024 செப்டம்பர் கடைசி வாரம், செவ்வாய் முதல் வியாழன் வரை. எதற்குப் போனேன் என்றால், என் பல்லுக்காக. தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவள் நான். முன்பற்கள் நான்கிலும் குறுக்கே பழுப்புக் கோடுகள். அது அழுக்கு இல்லை. சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஏறிவிட்ட கறை அது. எந்தப் பேஸ்டுக்கும் போகாது. "பல் விளக்க மாட்டியா?" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்ட ஆசிரியர் இருக்கிறார். அவரும் அதே ஊர்க்காரர்தான், ஆனால் டவுனில் இருந்து வண்டியில் தண்ணீர் வரவழைத்துக் குடித்து வளர்ந்தவர். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பல். இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் மேற்கு வங்கம் போய்வந்த கட்டுரையைப் படித்திருப்பீர்கள். அங்கே பிரச்சினை ஆர்சனிக். இரும்புத் தகடுகளை வரிசையாகத் தண்ணீரில் நிறுத்தி மின்சாரம் விட்டால், இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துரு மாதிரி திரளும். ஆர்சனிக் அதில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தண்ணீரை மணலில் வடிகட்டிக் குடிக்கிறார்கள். அங்கே மெஷின் பார்த்துக்கொண்ட ஒருவர், மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன்பு தவறாமல் ஒரு சுவிட்சைத் திருப்பிவிட்டுத்தான் போவார். எதற்கு என்று கேட்டேன். பாஷை தெரியாததால் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டி, இதற்குப் பாதி, அதற்குப் பாதி என்பதுபோலச் சைகை செய்தார். அதைக் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது.

அந்தக் கட்டுரைக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி: "நம்ம பக்கம் இப்படி ஏதாவது ஓடுதா?" விசாரித்ததில், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்தில் இதே முறையில் ஃப்ளோரைடு எடுக்கும் மெஷின் ஒன்று இரண்டு வருடமாக ஓடுகிறது என்று ஒரு நண்பன் சொன்னான். இரும்புக்குப் பதில் அலுமினியத் தகடு, அவ்வளவுதான் வித்தியாசம். மெஷின் பார்த்துக்கொள்ளும் செல்வராணியின் நம்பர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பேசினேன்.

"வாரதுனா வெரசா வாங்க. வியாழக்கெழம பஞ்சாயத்துல கூட்டம். மெஷினத் தூக்கிருவாக போல."

"ஏங்க?"

"தண்ணி சரியில்ல. மூணு வாரமா கலரு மஞ்சளாவே நிக்கிது."

நான் பார்க்கப் போன வெற்றிக் கதை போனிலேயே முடிந்துபோனது. ஆனாலும் திங்கள் சாயங்காலம் பஸ் ஏறினேன்.

*

செவ்வாய் காலை மதுரை மாட்டுத்தாவணியில் 7.10க்கு அருப்புக்கோட்டை பஸ். சுமார் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் 48 ரூபாய், 8.25க்கு இறங்கியாயிற்று. நான்கு வழிச் சாலை என்பதால் வழியில் பார்க்க ஒன்றும் இல்லை, தூங்கிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு வடை 45 ரூபாய். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் கேன் தண்ணீர் ஏற்றிய மூன்று குட்டியானை வண்டிகள் கடந்துபோயின. இந்த ஊர்ப்பக்கத்தில் பாலைவிடத் தண்ணீர் வண்டிதான் முதலில் வரும்போல.

9.20க்கு எம்.ரெட்டியபட்டி வழியாகப் போகும் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருபது கிலோமீட்டர் சொச்சம், 10.05க்கு இறங்கினேன். வழி முழுக்கக் கரிசல். உழுது போட்டிருந்தார்கள், விதைக்கவில்லை. பருத்தியும் கம்பும் விதைக்க மழைக்குக் காத்திருந்தார்கள். உழாத இடமெல்லாம் சீமைக்கருவேலம். கண்மாய் ஒன்றில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கண்மாய்க் கரையில் அல்ல, உள்ளே.

ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோ. ஆள் சேரும்வரை இருபது நிமிடம் நிற்பார்கள், அவசரப்பட்டுப் பலன் இல்லை. தலைக்கு 20 ரூபாய். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஆரு வீட்டுப் புள்ள பாப்பா? பல்லப் பாத்தா நம்மூருப் புள்ளையாத்தேன் தெரியுது."

ஆட்டோவில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் அதே கோடுகள். நான் வாயை மூடவில்லை. வாழ்க்கையில் என் பல்லை வைத்து ஒருவர் என்னைச் சொந்தக்காரி ஆக்கியது அதுதான் முதல் தடவை.

"எங்க ஊரு தருமபுரிங்க. தண்ணி மெஷினைப் பாக்க வந்தேன்."

"மெஷினா? அது படுத்துருச்சுல்ல. பழைய இரும்புக் கடைக்காரன் வந்து ஒரு ரவுண்டு பாத்துட்டுப் போயிட்டானாம்" என்றார் டிரைவர்.

"அலுமினியம்ண்ணே அது. இரும்பு இல்ல" என்று ஒரு பெண் திருத்தினார்.

"அப்பக் கூடுதலாக் குடுப்பான்" என்றார் அவர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

*

மெஷின் என்றதும் பெரிதாக எதையாவது கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். தகரக் கொட்டகை. உள்ளே ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, பக்கத்தில் தண்ணீர் தெளிவதற்கு இன்னொன்று, அடுத்து மணல் வடிகட்டி. முதல் தொட்டிக்குள் இரண்டு விரல் இடைவெளியில் இருபது அலுமினியத் தகடுகள், ஒவ்வொன்றும் அரிசிச் சாக்கின் அகலம். சுவரில் மின்சாரப் பெட்டி. மின்சாரம் விட்ட அரை மணி நேரத்தில் தண்ணீர் கலங்கி, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திரளாக மிதக்கிறது. கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டால் தெளியுமே, அதே வேலைதான். படிகாரத்தில் இருக்கும் அலுமினியத்தைத் தகட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். திரள் அடியில் படிய ஒன்றரை மணி நேரம்.

செல்வராணிக்கு முப்பத்து நான்கு வயது. பத்தாவது வரை படித்து, நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு, இப்போது இந்தக் கொட்டகை. மகனுக்குப் பதினான்கு வயது, பல் முழுக்கக் கறை. மகள் மீனாவுக்கு ஆறு. மெஷின் வந்தபோது நான்கு. போன மாதம்தான் பால் பல் விழுந்து முதல் முன்பல் முளைத்திருக்கிறது.

"நுனி மட்டுந்தேன் வெளிய தெரியுது. வெள்ளையா இருக்கு. டெய்லி டார்ச்சு அடிச்சுப் பாக்குறேன். அவ வாயத் தொறக்க மாட்டேங்குறா, அடி வாங்குறா" என்றார்.

மற்ற பற்கள் இன்னும் ஈறுக்குள் இருக்கின்றன. மெஷின் நின்றால் அந்தப் பிள்ளைக்குப் போர் தண்ணீர்தான். கேன் வாங்கும் வீடு இல்லை அது. கூட்டத்தில் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்.

சோதனை செய்து காட்டினார். சின்னப் புட்டியில் தண்ணீர் எடுத்து மருந்து ஊற்றினால் நிறம் வரும், அதை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். ரோஸ் என்றால் நல்லது. மஞ்சளை நோக்கிப் போகப்போக ஃப்ளோரைடு கூடுதல். போர் தண்ணீர் அட்டையின் கடைசி மஞ்சள். மெஷின் தண்ணீர் அதற்கு ஒரு கட்டம் முன்னால் இருந்தது. அதாவது மெஷின் மின்சாரத்தைத் தின்றுகொண்டு சும்மா இருக்கிறது. மெஷினை வைத்துவிட்டுப் போன இளைஞர்களுக்குப் போன் செய்திருக்கிறார். ஒருவர் வெளிநாட்டில். இன்னொருவர் "அடுத்த மாசம் வரேன்கா" என்கிறார், மூன்றாவது தடவையாக. கிராமத்துக்கு எதையாவது கொண்டுவருபவர்கள் திறப்பு விழாவுக்கு வருகிறார்கள், ரிப்பேருக்கு வருவதில்லை. அந்தப் போட்டோக்கள் மட்டும் கொட்டகைச் சுவரில் லேமினேஷன் போட்டு மாட்டப்பட்டிருந்தன.

நான் இன்ஜினியர் இல்லை. எனக்குத் தெரிந்தது வங்கத்துக்காரரின் உள்ளங்கைகள் மட்டும்தான்.

"அக்கா, திருப்பிவிடுற சுவிட்ச் ஒண்ணு இருக்கணுமே?"

செல்வராணி மின்சாரப் பெட்டிக்குக் கீழே காட்டினார். இருந்தது. கறுப்பு டேப்பால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் கட்டுக்கம்பி போட்டு முறுக்கி, அசையாதபடி செய்திருந்தார்கள். கம்பிக்கு மேல் சந்தனம், குங்குமம் வேறு.

"இது குருசாமி அண்ணன் செஞ்சது. அந்தப் பயலுக போனதுமே வந்து கட்டிவிட்டுட்டாக. யாரும் தொடக் கூடாதுன்னுட்டாக."

*

குருசாமி அந்தச் சுற்றுவட்டாரத்தின் மோட்டார் மெக்கானிக். பந்தல்குடியில் இருந்துகூட ஆள் வந்து கூட்டிப்போகும் அளவுக்குப் பேர். செல்வராணி போன் செய்ததும் டூவீலரில் வந்து இறங்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவுகதேன் மெட்ராஸ்ல இருந்து வந்த இஞ்சினியரா?"

"இல்லண்ணே. தருமபுரி. கட்டுரை எழுதுறவுக."

"கட்டுரை எழுதுறவுகளுக்குச் சுவிட்ச்சுல என்ன சோலி?"

நியாயமான கேள்வி. வங்கத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"இந்தா பாரு பாப்பா. மோட்டாருக்கு வயர மாத்திக் குடுத்தா என்னாகும்? தலகீழாச் சுத்தும். தண்ணி ஏறாது, உள்ள கெடந்து ஒழட்டும், கடேசில காயில் கருகிப்போகும். போன சித்திரைல ஒருத்தன் நானில்லாத நேரமாப் பாத்து ரெண்டு வயர மாத்தி முறுக்கிவிட்டான். எண்ணூறு அடிக்குக் கீழ கெடந்த மோட்டாரு. அத மேல எடுக்கக் கம்பிரஸரு, சங்கிலி, நாலு ஆளு, ரெண்டு நாளு. எங்கையில இருவத்தேழு வருசமா ஒரு மோட்டாரு கருகுனதில்ல. இந்தப் பயலுக என்னடான்னா தெனத்துக்கும் மாத்திப் போடச் சொல்லிட்டுப் போறானுக. அதேன் கட்டிவச்சேன். வெவரமில்லாதவன் தொட்டுத் தொலச்சிரக் கூடாதுல்ல?"

எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் எண்ணூறு அடிக்குக் கீழே கிடக்கும் ஊரில், வயரை மாற்றாதே என்பது மூடநம்பிக்கை இல்லை, பட்டறிவு. இருபத்தேழு வருடமாக அந்த ஊரைக் காப்பாற்றிய அறிவு. இந்த ஒரு கொட்டகையில் மட்டும் அது தப்பாகிவிட்டது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது செல்வராணி கேட்டுவிட்டார்.

"அண்ணே, இதுல சுத்துறதுக்கு என்னண்ணே இருக்கு?"

"என்னது?"

"மோட்டாருன்னா சுத்தும். சரி. இதுல தகடுதான நிக்கிது. தலகீழாச் சுத்துறதுக்கு இதுல எதுண்ணே சுத்துது?"

குருசாமி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெயினை அணைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு தகட்டை உருவி வெளியே எடுத்தார். அடுத்ததையும் எடுத்தார். இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் சாத்தினார்.

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்று அரித்து, ஓரம் ஓட்டை ஓட்டையாகி, அப்பளம் மாதிரி மெலிந்திருந்தது. மற்றது, தகடே தெரியாத அளவுக்கு வெள்ளைக் காரை படிந்து தடித்திருந்தது. ஒன்று விட்டு ஒன்று, இருபதும் அப்படியே. இரண்டு வருடமாக ஒரு பாதி மட்டும் கரைந்துகொண்டும், மறுபாதி காரை ஏறிக்கொண்டும் இருந்திருக்கிறது. திருப்பிவிட்டிருந்தால் காரை உதிர்ந்திருக்கும், கரைவதும் இரண்டு பக்கமும் சமமாக நடந்திருக்கும். இதற்குப் பாதி, அதற்குப் பாதி.

"ஆம்ப்ஸ் எறங்கிருந்துச்சு. ரெண்டு மாசமா மீட்டருல பாக்கத்தேன் செஞ்சேன். கரண்டுக்காரன் மேல பழியப் போட்டேன். காரை கட்டுனா போர் பைப்பே அடைக்கிது, தகடு அடைக்காதாக்கும்" என்றார் குருசாமி, தனக்குத்தானே.

பிறகு செல்வராணியைப் பார்த்து: "ஏத்தா, இத ரெண்டு வருசத்துக்கு முந்தியே கேக்க வேண்டியதுதான?"

"நீங்க கேக்க விட்டீகளா?"

*

காரையை எடுக்க ஆசிட் வாங்கிவரட்டுமா என்றார் குருசாமி. அலுமினியத்தை அது தின்றுவிடும் என்று அவரே மறுத்துக்கொண்டார். குண்டாவில் உப்புக்கறை பிடித்தால் வீட்டில் எதை வைத்துத் தேய்ப்போம் என்று செல்வராணி யோசித்தார். புளி. மூன்று வீட்டில் இருந்து பழைய புளி வந்தது. கரைத்து அண்டாவில் ஊற்றித் தகடுகளை ஊறப்போட்டார்கள். புதன்கிழமை காலை ஆறரைக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்தாறு பெண்கள் தேங்காய் நாரோடு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு தகடு தேய்ப்பதற்குள் எனக்கு விரலில் கொப்புளம் வந்துவிட்டது.

"கட்டுரையில இதையும் எழுதுங்க. தருமபுரிக்காரிக்குப் பாத்திரம் தேய்க்கத் தெரியலன்னு" என்றார் ஒருவர்.

அப்போதுதான் ஊர்ப் பெயரைப் பற்றிப் பேச்சு வந்தது. எழுத வேண்டாம் என்றார் செல்வராணி. அவருடைய அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், டிபன் சாப்பிட்டுவிட்டு, ஜாதகம் எல்லாம் பொருந்தி, கடைசியில் "அந்த ஊருப் பொண்ணு வேணாம், பொறக்குற புள்ளைக்கும் அப்படித்தேன் பல்லு வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பல்லில் கறை தண்ணீரால் வருவது, ரத்தத்தால் வருவது இல்லை என்று யார் போய் அவர்களுக்குப் புரியவைப்பது? தண்ணீரைக் கெடுத்தது அந்தப் பெண் இல்லை. ஆனால் தண்டனை அவளுக்கு. பெயர் போடாததற்குக் காரணம் இதுதான்.

பதினோரு மணிக்குத் தகடுகள் உள்ளே போயின. குருசாமி கட்டுக்கம்பியை வெட்டி, டேப்பை உரித்து, குங்குமத்தைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் திருப்பினார். உண்மையிலேயே கண்ணை மூடினார். ஒன்றும் வெடிக்கவில்லை. கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்து, "ஏறிருச்சு" என்றார்.

ஒன்றரை மணிக்கு முதல் புட்டி. மஞ்சள்.

 குருசாமி சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினார். என்னைத் திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. செல்வராணி மட்டும் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மணல் வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க. மணலுக்குள்ள நேத்துத் தண்ணிதான நிக்கிது?"

குழாயைத் திறந்துவிட்டார். குடம் குடமாகப் பிடித்து, வாசல் தெளிக்க, மாட்டுக் கொட்டகை கழுவ என்று பெண்கள் கொண்டுபோனார்கள். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை. பதினைந்தாவது குடத்துக்குப் பிறகு மறுபடி பிடித்து மருந்து ஊற்றினார். மெதுவாக, ரோஜா சர்பத்தில் நிறையத் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு நிறம் வந்தது. அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்தோம். ரோஸ்தான்.

"சாயந்தரம் இன்னொருக்கா பாப்போம்" என்றார் குருசாமி. ஆனால் சட்டையை மறுபடி கழற்றி ஆணியில் மாட்டினார்.

*

வியாழன் காலை பத்து மணி, ஊராட்சி அலுவலகம். பெயர்ப் பலகையில் இருப்பவர் தலைவரம்மா. பேசுபவர் அவர் வீட்டுக்காரர். இந்த அமைப்பு உங்கள் ஊரிலும் இருக்கும், புதிதாகக் கோபப்பட ஒன்றுமில்லை, பழைய கோபமே போதும். ஒரு கம்பெனி ஆர்.ஓ. மெஷின் வைக்கத் தயாராக இருக்கிறது, காசு போட்டால் தண்ணீர், பஞ்சாயத்துக்குச் செலவே இல்லை என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டில் எல்லாம் ஏற்கெனவே கேன் தண்ணீர்தான். போர் தண்ணீரைக் குடிக்காதவர்கள் போர் தண்ணீரைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வராணி மேஜையில் மூன்று புட்டிகளை வைத்தார். போர் தண்ணீர் மஞ்சள். மெஷின் தண்ணீர் ரோஸ். தலைவர் வீட்டுக்காரர் முன்னால் இருந்த கேன் தண்ணீரும் ரோஸ். அதை நான் மறைக்கப் போவதில்லை, ஆர்.ஓ. ஃப்ளோரைடை எடுக்கும்.

"நேத்துவரைக்கும் மஞ்சள்னு நீதான சொன்ன? ஒரே நாள்ல எப்பிடி ரோஸாச்சு? மந்திரமா?" என்றார் அவர்.

செல்வராணி பதில் சொல்லத் தொடங்கும் முன் பின்னால் இருந்து குருசாமி எழுந்தார்.

"மந்திரமில்ல மாப்ள. தப்பு எம்மேல. சுவிட்ச்சக் கட்டிப்போட்டது நாந்தேன். மோட்டாருன்னு நெனச்சுட்டேன்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. "குருசாமி அண்ணனுக்கே தெரியலையா" என்று யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். உட்காரவில்லை.

"சிரிங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. ஆர்.ஓ.வு ஒரு கொடம் நல்ல தண்ணி குடுத்தா, ஒரு கொடத்துக்கு மேல கழிச்சு வெளிய தள்ளும். நம்ம போரு ஒவ்வொரு கோடைக்கும் பைப்பு எறக்கி எறக்கி எங்க கெடக்குன்னு எறக்குற எனக்குத் தெரியும். சாக்கடையில விடுறதுக்குத் தண்ணி எறைக்க நான் மோட்டாரு மாட்ட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. எல்லோருக்கும் அது தெரியும்.

முடிவாக மெஷினுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். தினம் சோதனை செய்து நிறத்தைக் கொட்டகை வாசலில் பலகையில் எழுத வேண்டும், மாதம் ஒருமுறை லேபுக்கு அனுப்ப வேண்டும். காலனியில் இருந்து வந்திருந்த ஒரு பெண், இரண்டு வருடமாகத் தங்களுக்குக் குழாய் வராததால் முக்கால் கிலோமீட்டர் குடம் சுமப்பதாகச் சொல்லி, அங்கே குழாய் போடுவதையும் இப்போதே எழுதச் சொன்னார். "பாப்போம்" என்றார் தலைவர் வீட்டுக்காரர். அதுவரை வாயே திறக்காத தலைவரம்மா, எழுத்தர் பக்கம் திரும்பி, "பாப்போம் இல்ல. தீர்மானத்துல எழுதுங்க, நான் கையெழுத்துப் போடணும்" என்றார். எழுதினார்கள். குழாய் வந்ததா என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். எழுதியதை எல்லாம் நம்பும் வயது எனக்கு இல்லை.

*

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மதுரையில் இருந்து ஒரே நாளில் போய்வரலாம், ஆனால் மெஷின் முழுச் சுற்று ஓடுவதைப் பார்க்க இரண்டரை மணி நேரம் தேவை என்பதால் காலை பதினொன்றுக்குள் அங்கே இருங்கள். தங்குவதென்றால் அருப்புக்கோட்டையில் 700, 800 ரூபாய்க்கு லாட்ஜ் இருக்கிறது. நான் இரண்டு நாளும் செல்வராணி வீட்டில் தங்கினேன். திரும்பும்போது ஷேர் ஆட்டோவுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். மதியம் ஒன்று முதல் மூன்று வரை வண்டி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குத் துண்டு, தொப்பி கட்டாயம். குடிக்கப் பாட்டில் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் மெஷின் தண்ணீரைக் கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். அவர்கள் முன்னால் கேன் தண்ணீரை எடுத்துக் குடிப்பதைப்போல அசிங்கம் வேறில்லை. ஊர்ப் பெயர் வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள். செல்வராணியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு மெஷின் வைக்க நினைத்தால்: தகடு தேயும், மாற்ற வேண்டும். அடியில் படியும் கழிவை எங்கே கொட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இந்த ஊரில் சிமெண்டுத் தொட்டியில் சேர்த்துவைத்திருக்கிறார்கள், அது நிரம்பினால் என்ன செய்வது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. புட்டியின் நிறம் ஒரு தோராயக் கணக்குத்தான். அலுமினியம் தண்ணீரில் மிஞ்சுகிறதா என்பதையும் சேர்த்து லேபில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திறப்பு விழாவுக்கு முன்பு உள்ளூர் மோட்டார் மெக்கானிக்கை உட்காரவைத்து, சுவிட்சை ஏன் திருப்ப வேண்டும் என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை பேசுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தெரியாவிட்டால் மெஷினைத் திருப்பி எடுத்துப் போங்கள்.

நான் கிளம்பும்போது குருசாமி பெயிண்ட் டப்பாவோடு கொட்டகையில் நின்றார். சுவிட்சின் ஒரு பக்கம் "காலை", மறுபக்கம் "மாலை" என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இனிமேல் பள்ளிக்கூடம் தொடங்கும் மணிக்கும் விடும் மணிக்கும் திருப்ப வேண்டுமாம், மறக்காமல் இருக்க.

மீனா பள்ளிக்கூடத்தில் இருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தாள். அம்மா கேட்காமலே என் முன்னால் நின்று வாயை "ஈ" என்று காட்டினாள். வெயிலில் அந்த ஒரு பல், அரிசி நுனி அளவு, வெள்ளையாகத்தான் இருந்தது. பதிலுக்கு நானும் "ஈ" என்று காட்டினேன். அவள் என் பல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் பல்லு" என்றாள்.

ஆட்டோ வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு செல்வராணி கிட்டே வந்தார்.

"ஊருப் பேரு..." என்றார்.

"போட மாட்டேன் அக்கா. சொன்னேனே."

"இப்பப் போடாதீக. இவளுக்குப் பல்லு பூராம் மொளைக்கட்டும். அன்னைக்கிப் பெருசாப் போடுங்க."